கொடியேறும் நேரத்துக் குரங்கு

கப்பலின் நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமைக்கு எதிரே இவ்வளவுதான் இருந்தது: "காலை எட்டு மணி. கொடியேற்றம் முறைப்படி நடந்தது. குறிப்பிட எதுவுமில்லை." அது நோன்பு மாதத்தின் கடைசி வெள்ளி. கொடிக்கயிறு என் கையில் இருந்தது. குறிப்பிட நிறையவே இருந்தது.

இயந்திரப் பழுதோடு எங்கள் கடற்படைக் கப்பல் திருகோணமலைத் துறைமுக ஜெட்டியில் கட்டிக் கிடந்தது. கடலுக்குப் போகாத கப்பலில் ஒழுங்கு இரட்டிப்பாகும். காலை விசில் ஊதியதும் அவரவர் நின்ற இடத்தில் கொடியைப் பார்த்து விறைக்க வேண்டும். இரண்டாவது விசில்வரை அசையக்கூடாது. இந்த விதியைப் புதிய அதிகாரிகளைவிட விரைவாகப் படித்துக்கொண்டவை துறைமுகக் காட்டுக் குரங்குகள். முதல் விசிலுக்கு வரும். இரண்டாவதற்குமுன் குசினிப் பழத்தோடு போய்விடும்.

மேலிடம் சும்மா இருக்கவில்லை. எலி ஏறாமல் கட்டுக்கயிறுகளில் மாட்டியிருந்த தகரத் தட்டுகளைப் பெரிதாக்கினார்கள். குரங்குகளோ கயிற்றில் வந்ததே இல்லை. ஏறுபலகை வழியாக, சல்யூட் அடித்தபடி நிற்கும் காவலாளியைக் கடந்துதான் வந்தன. குசினி வாசலில் இன்னொரு காவலாளியைப் போட்டார்கள். அவனும் விசிலுக்கு விறைத்தான். கொடியேற்றத்தின்போது குரங்கை விரட்டலாமா என்று எழுத்தில் கேட்டோம். விதிகளில் குரங்கு இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

கடைசியில் பொறுப்பு முழுவதும் சமையற்காரர் தலையில் விழுந்தது. அவர் குடாவுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாக்காரர், நான் சல்லி என்ற ஊர்; அண்ணன் முறையில் அவரை நானா என்பேன். கப்பலில் தமிழ் கதைக்க எங்களுக்கு நாங்கள்தான். அந்த வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் காலை உணவுக்கு வருவதாக இருந்தது. ஒரு பழம் குறைந்தாலும் பெருநாள் லீவு இல்லை என்று எங்கள் கப்டன் நானாவுக்குச் சொல்லியிருந்தார்.

"தம்பி, பாற்சோற்றுக்கு உப்புக் காணுமா பாருங்க. நான் நோன்பு."

"காணும், நானா. ஏன் அக்கரையையே பாக்கிறீங்க?"

"அந்தா தெரியுது எங்கட ஊர். ரெண்டு பெருநாளா இங்க நிண்டு பாத்துக்கொண்டுதான் இரிக்கன். இண்டைக்கும் பழம் போனா இது மூணாவது."

"மூடி வச்சா என்ன?"

"போன கிழமை மூடித்தான் வச்சன். மூடியையும் கொண்டு போயிட்டுது."

பின்தளத்தில், கொடிமரத்தருகே மேசை போட்டிருந்தது. முதல் விசில் ஊதியது. எனக்குப் பின்னால் அந்தப் பெரிய அதிகாரி, கப்டன், நானா எல்லோரும் விறைத்தார்கள். நான் கயிற்றை இழுத்தேன். கடைக்கண்ணால் பார்த்தால், ஒரு கடுவன் குரங்கு பெரியவரின் கதிரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு பழத்தை உரித்து நிதானமாகத் தின்றது. பிறகு பாற்சோற்றில் கைவைத்தது.

"ச்சூ!"

சத்தம் என் முதுகுப் பக்கமிருந்து வந்தது. குரங்கு மிச்ச வாழைப்பழச் சீப்போடு பாய்ந்தது. கொடி உச்சிக்குப் போனது. இரண்டாவது விசில்.

கப்டன் முகம் சிவந்து நானாவிடம் திரும்பினார். "கொடியேற்றத்தில் யார் சத்தம் போட்டது? நீயா?"

பெரியவர் தொப்பியைச் சரிசெய்து கடலைப் பார்த்தார். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே. உங்களுக்குக் கேட்டதா?"

"இல்லை, சேர்," என்றார் கப்டன் உடனே.

"குரங்கு ஏதும் வந்ததா?"

"இல்லை, சேர்."

குரங்கு வரவில்லையென்றால் பழமும் போகவில்லை. பழம் போகவில்லையென்றால் லீவை நிறுத்த ஏலாது. கைபட்ட இடத்தைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, பழமில்லாத மேசையில் அமர்ந்து, பழம் நல்ல இனிப்பு என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பின்னேரம் நானா பையோடு இறங்கினார்.

"நானா, சத்தம் போட்டது நீங்கள்தானே?"

"நோன்போட பொய் சொல்லுவனா தம்பி? நானில்லை. இனி விடுங்க, கிண்ணியா பஸ் போயிடும்."

ஓய்வுபெற்றபின், அன்று தளத்தில் நின்ற மூவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். ஒருவர் பெரியவர் என்கிறார். இன்னொருவர் நானா என்கிறார். மூன்றாமவர், இன்னும் சேவையில் இருப்பவர், குரங்கே வரவில்லை என்கிறார். "ச்சூ" என்றது யார் என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.