குளோரின் போட்ட தொட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் நான் வைரஸ் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. கொரோனா வந்து போன பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே அங்கே கதவைச் சாத்துவார்கள். அதனால் ‘மருந்து’ என்றேன்.

பதுளையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். பிறந்தது கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம். அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். மழை தொடங்கினால் பிள்ளைக்கு வயிற்றோட்டமும் தொடங்கிவிடும். மேல் லயத்துக் கக்கூஸ் சாக்கடைக் கான் உடைந்து ஊற்றில் கலக்கிறது. அந்த ஊற்றுத் தண்ணீர்தான் குழாய் வழியாக நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வருகிறது. எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. பார்க்க வருகிற அதிகாரிகள் “காய்ச்சிக் குடிங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விறகெல்லாம் நனைந்து கிடக்கிற ஐப்பசியில் அவர்களே வந்து ஒரு நாள் காய்ச்சிப் பார்க்கட்டும்.

எங்கள் ஆய்வுகூடத்து மேடம் சிங்களப் பெண்மணி. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வைரஸ் கிருமிக்குள் புகுந்து, உள்ளேயே பெருகி, அதை வெடிக்க வைத்து வெளியே வரும். பிறகு அடுத்த கிருமியைத் தேடும். மனிதரை ஒன்றும் செய்யாது. எந்தக் கிருமியைக் கொல்ல வேண்டுமோ, அது மண்டிக் கிடக்கும் இடத்தில்தான் அதற்குரிய வைரஸும் கிடைக்கும் என்றார். எங்கள் லயத்துக் கானிலிருந்து நானே ஒரு போத்தல் அள்ளிக்கொண்டு போனேன். சில நாட்களில், கண்ணாடித் தட்டில் படர்ந்திருந்த கிருமிப் படலத்தில் சின்னச் சின்னத் தெளிந்த வட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொரு வட்டமும் கிருமி செத்த இடம். எங்களைச் சீக்காளியாக்கிய பீத்தண்ணீரிலேயே எங்களுக்கு மருந்தும் கிடந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்தது வெளியில் சோதிக்க வேண்டும். வேறு தோட்டங்களும் கேட்டிருந்தன. நான் மேடத்தின் பின்னாலேயே அலைந்து, கெஞ்சி, எங்கள் லயத்துக்கு அதை வாங்கினேன். பாவிக்காமல் கிடந்த பழைய தொட்டியில் ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, வைரஸைக் கலந்து, ஒரு மாதம் வாராவாரம் மாதிரி எடுப்பதாகத் திட்டம். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. கிருமி குறைந்தது என்று காட்டிவிட்டால் லயத்துக்கு முறையான சுத்திகரிப்புத் தொட்டி கேட்கலாம். காட்டாவிட்டால் பழைய பீலிதான்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று ஆட்களுக்கு விளக்கினேன்.

“அது என்னா மருந்து?” என்று அக்கா கேட்டாள்.

“கிருமியக் கொல்ற மருந்து. குடிச்சிறாதீங்க, அவ்வளவுதான்.”

“நம்ம புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் சங்கத் தலைவர். யாரும் மேலே கேட்கவில்லை. தொட்டியைச் சுற்றிக் கம்பு நட்டு வேலி கட்டி, பிள்ளைகள் கிட்டப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். வாராவாரம் கிருமி குறைந்தது. மூன்றாம் வாரம் மேடம் என் தோளில் தட்டினார். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

கடைசி மாதிரி எடுக்கும் நாளில், அனுமதி கொடுக்கக்கூடிய ஒரு அதிகாரியும் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: “நாளைக்குக் கொழும்புலேருந்து பெரிய ஆளு ஒருத்தர் வாறாரு.”

பெரிய ஆள் வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தோட்டத்துத் துரை லயம் பார்க்க வருகிற நாளில் கான் வழிப்பதும், வாசலில் சுண்ணாம்பு அடிப்பதும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். நானும் சின்னதில் வாளி தூக்கியவள்தான். அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தேனோ.

ஆய்வுகூடத்து வான் வண்டியிலிருந்து இறங்கியதுமே மூக்கில் குளோரின் ஏறியது. தொட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள். அவள் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

“எப்பிடி இருக்கு? விடியக்காலம் பெரட்டுக்கு முந்தி நாலு பேரு உள்ள எறங்கி, பாசியெல்லாம் தேச்சுக் கழுவிட்டோம். புதுத் தண்ணி புடிச்சி, டிஸ்பென்சரில கெஞ்சிக் கேட்டு குளோரினும் போட்டாச்சு. மருந்தோட மருந்து சேந்தா நல்லதுதானே?”

மேடம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “அது உயிரோடு இருக்கிற மருந்து என்று இவர்களுக்கு நீ சொல்லவில்லையா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“இல்லை மேடம்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். குளோரின் கிருமியையும் கொல்லும், வைரஸையும் கொல்லும். அந்தத் தொட்டியில் இனிமேல் எதைக் காட்டினாலும் செல்லாது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கொண்டுவந்த தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு வண்டியில் ஏறினார். ஆய்வுக்கு அனுமதி அந்த மாதத்தோடு முடிந்தது. புது அனுமதி வந்தபோது ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். நான் மறுபடியும் கெஞ்சவில்லை, கெஞ்ச முகமில்லை.

அடுத்த மழையில் பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. பண்டாரவளைக்குப் போய், மொனராகலை பஸ்ஸைப் பிடித்துக் கொஸ்லந்தையில் இறங்கினேன். பிள்ளை கண் உள்ளே போய்க் கிடந்தாள். சேலைன் ஏறும் கையை மரப்பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கன்னத்தைத் தொட்டதற்குக்கூடக் கண் திறக்கவில்லை.

அக்கா கட்டிலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

“அந்தத் தொட்டி நமக்கு இல்லன்னு ஆகிப்போச்சாமே. நாங்க தேச்சது பத்தலயோ?”

“இல்லக்கா. நல்லாத்தான் தேச்சீங்க.”

“பின்ன ஏன்?”

சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை முனகினாள். அக்கா குனிந்து, தொட்டியைத் தேய்த்த அதே விரல்களால் அவள் நெற்றியைத் தடவினாள்.

“மருந்து சரியில்லக்கா” என்றேன்.

அக்கா தலையாட்டினாள். பிள்ளையின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

“அடுத்த தடவ அவுங்க வாறப்ப ரெண்டு நாளைக்கு முன்னாடியே சொல்லு” என்றாள். “இன்னும் நல்லாக் கழுவி வச்சிருவோம்.”