பூக்களுக்குப் பூசிய வசிலின்

எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் செத்தவீடு என்றால் படமெடுக்கச் செலஸ்ரினைத்தான் கூப்பிடுவோம். பெட்டியை மூடுமுன் அவன் எடுக்கும் படங்கள் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் போகும். ஆனால் பிணங்கள் அவனுக்கு அலுத்துவிட்டனவாம், கலை பூக்களில்தான் இருக்கிறதாம். கமராக் கண்ணாடியில் வசிலின் பூசி, நடுவில் காசளவு மட்டும் துடைத்துவிட்டு, தோட்டத்துச் செவ்வரத்தையை எடுப்பான். பூ தெளிவாக வரும். சுற்றியிருப்பதெல்லாம் பனிபோல் கரைந்துவிடும்.

அன்று காலையும் அந்த விளையாட்டில்தான் இருந்தான். என் அக்கா பிலோமினாவின் மகள் டெங்குவில் போய்விட்டாள் என்று ஆள் அனுப்பினோம். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பகலில் போனையும் பறித்துவைக்கும் வீடு அது. "பிள்ளையின்ர முகத்தை வடிவா எடுக்கச் சொல்லு" என்று விடியமுன்னரே அழுது சொல்லியிருந்தாள்.

செலஸ்ரின் கண்ணாடியைத் துடைக்காமலே வந்தான். அவனை நம்பி நாங்களும் போனில் எடுக்கவில்லை. மீனவர் சங்கத் தலைவரின் மனம் கோணக்கூடாதென்று, அவர் வைத்த மலர்வளையத்தையே எல்லாப் படத்திலும் நடுவில் வைத்திருக்கிறான். அடக்கம் முடிந்த பிறகுதான் பார்த்தோம். ஓரத்தில் பிள்ளையின் முகம் வெறும் வெள்ளைக் கறை.

படங்களைப் பார்த்துவிட்டு அன்றிரவு அக்கா அவனையே அழைத்தாள்.

"தம்பி, என்ர பிள்ளையின்ர முகம் எங்க?"

"முகம் கொஞ்சம் கலங்கிப் போச்சுது அக்கா. ஆனா பூவெல்லாம் நல்லா வந்திருக்கு, பாருங்கோ."