சூசைநாதனின் நான்காவது பக்கம்

தட்டைத் தொடுவதற்கு முன் சூசைநாதன் இரண்டு தடவை கை கழுவுகிறார். முதல் தடவை பாத்திரம் துலக்கும் சோப்பில். காலையிலிருந்து லிமாவ் பாலி என்கிற பம்பளிமாஸ் பழங்களைத் தூக்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கை அது, தோலின் எண்ணெய் லேசில் போகாது. இரண்டாவது தடவை வெறும் தண்ணீரில். கைலியில் துடைக்க மாட்டார், நூல் ஒட்டுமாம். காற்றாடிக்கு நேரே பத்து விரலையும் விரித்துக் காயவைப்பார். பிறகு இரண்டு காதிலும் இருக்கும் கருவிகளைக் கழற்றி ஒரு சோப்பு டப்பாவில் போட்டு மூடுவார். அதற்குமேல் அவரிடம் பேச வேண்டுமென்றால் இடது பக்கமாக வந்து கத்த வேண்டும்.

"மெஷின போட்டா மனுசன் பேச்சு கேக்கும்லா தம்பி. வாத்தியம் கேக்காது. தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்" என்கிறார்.

அறுபத்து மூன்று வயது. கேமரன் மலைக்குப் போகிற கார்கள் நின்று பழம் வாங்கும் சிம்பாங் பூலாய் சாலையோரத்தில் கடை. மதியம் இரண்டு மணிக்குச் சாத்திவிடுவார், எவ்வளவு பழம் மிச்சமிருந்தாலும் சரி. அதற்கு முன் முப்பத்தோரு வருடம் கல் குவாரியில் இருந்தார். முதல் நான்கு வருடம் லாரி, மீதியெல்லாம் கல்லரைக்கும் கிரஷர். காது மூடி கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"குடுத்தாங்க. போட்டா வேர்க்கும். யாரு கூப்புடுறா, யாரு கத்துறான்னு தெரியாது. கழுத்துல மாட்டிக்கிட்டேன்." இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை, எனக்குத்தான் வருகிறது.

தட்டு என்றேனே, அது ஒரு ஜாஸ் இசைத்தட்டு. எழுபது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் ஒரு வயதான பியானோக்காரரும் ஓர் இளம் சாக்ஸபோன்காரரும் சேர்ந்து ஒரே பிற்பகலில் வாசித்து முடித்தது. அதை இப்போது மூல நாடாவிலிருந்து புதிதாக வெட்டி, கனமான இரண்டு தட்டுகளாக, நான்கு பக்கங்களாக மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். ஒலியின் சுத்தத்துக்காக உயிரை விடுகிறவர்கள் வாங்கும் பதிப்பு. காது போய்க்கொண்டிருக்கும் மனிதருக்கு இது எதற்கு என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். நல்லவேளை, வலது பக்கம் நின்று கேட்டேன்.

இந்த இருவரும் அவருக்கு அறிமுகமானது குவாரி லாரியில். யாரோ விட்டுப்போன கேசட், லாரியின் பாட்டுப் பெட்டிக்குள் சிக்கிக்கொண்டது, வெளியே வரவில்லை.

"நாலு வருசம் அதே பாட்டுதான். மொதல்ல ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டுக் குத்தப் போனேன். அப்புறம் ஒரு நாளு கவனிக்கிறேன், அந்தச் சின்னவன் ஊதும்போது பெரியவரு கைய எடுத்துர்றாரு. சும்மா உக்காந்து கேக்குறாரு. எம்மாம் பெரிய ஆளு! குவாரியில வேல வாங்குற எந்த மண்டோரு சின்னவன் பேசும்போது வாய மூடுவான், சொல்லுங்க?"

இரண்டு வருடத்துக்கு முன் ஈப்போவில் காது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு பாதி தூரம் நேராகப் போய், அப்புறம் பள்ளத்தில் இறங்கியது. மிச்சமிருப்பதும் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடலாம் என்றார். வீட்டுக்கு வந்த சூசைநாதன் அன்றைக்கே இந்தத் தட்டுக்குச் சொல்லி அனுப்பினார். அதை முழுக்க மனப்பாடம் செய்வது என்று முடிவு.

"காது போனா போவட்டும். அதுக்குள்ள உள்ள எறக்கி வச்சிட்டா அப்புறம் யாரு புடுங்க முடியும்?"

முதலில் வந்த தட்டு அப்பளம்போல நெளிந்திருந்தது, திருப்பி அனுப்பினார். இரண்டாவதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு 'டிக்' சத்தம், அதுவும் திரும்பிப் போனது. கொஞ்சம் குறை இருப்பது சகஜம்தான் என்று விற்றவர் எழுதினார். 'எனக்குக் கொஞ்சம் காதுதான் இருக்கு' என்று இவர் பதில் போட்டார். மூன்றாவது தட்டு சுத்தமாக வந்தது.

கைபேசியில் இதே இசை சும்மா கிடைக்குமே என்பவர்களை ஜன்னலோரம் கூட்டிப்போய்த் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுகிறார். எனக்கு முதலில் வெறும் கறுப்புதான் தெரிந்தது. பிறகு அவர் விரல், தொடாமல், ஒரு நெல்லளவு மேலே நகர்ந்தது. "இங்க நல்லாக் கறுத்து மினுங்குதா? பியானோ தனியா மெல்லமா வர்ற எடம். இங்க சாம்பலாட்டம் இருக்கா? ரெண்டு பேரும் சேந்து போடு போடுன்னு போடுற எடம். காது போனப்புறம் ஊசி எங்க நிக்கிதுன்னு கண்ணால பாத்தாப் போதும். மத்தது மண்டையில ஓடும்." பார்த்தேன். உண்மைதான், தெரிந்தது.

பாடம் நடக்கும் விதம் இது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்குவார். முழங்காலில் தாளம் மட்டும் போகும். அரை நிமிடம் கழித்து ஏற்றுவார். தட்டும் அவரும் ஒரே இடத்தில் இருந்தால் தேர்ச்சி. இல்லாவிட்டால் "சாலா, மறுபடி" என்று தனக்குத்தானே மலாயில் தப்பு போட்டுக்கொண்டு ஊசியைத் தூக்குவார். இப்படியே மூன்று பக்கம் முடித்துவிட்டார். இந்தப் படிப்புக்காக அண்ணன் மகன் கல்யாணச் சாப்பாட்டுக்கே போகவில்லை, அங்கே டிரம்ஸ் வைத்திருந்தார்களாம். கோவிலில் பாடகர் குழு எழுந்தால் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொள்கிறார். பாதிரியார் விசாரித்தார். "மிச்சம் இருக்கறத கண்டபடி செலவழிக்க முடியாது ஃபாதர்" என்று சொல்லிவிட்டார். பாதிரியார் நல்லவர், விட்டுவிட்டார். ஆனால் அண்ணன் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

மீதி இருப்பது நான்காவது பக்கம். ஒன்பது நிமிடம், மெதுவான பாட்டு. போன வியாழக்கிழமை போனபோது, "இன்னிக்கு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சத்தமில்லாம" என்றார்.

ஒரு தடவை ஒலியோடு ஓடியது. அடுக்களை வாசலில் அவர் மனைவி பெர்னடெட் அக்கா தரையில் நாளிதழை விரித்து, தவுகே என்கிற பயற்று முளைகளுக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தார். அவ்வப்போது ஒரு விரலைத் தூக்கினார். பின்னணியில் டிரம்ஸ்காரர் தட்டும் சிம்பல் என்ற வெண்கல வட்டின் ஓசை இவர் காதுக்கு எட்டி வருடக்கணக்காகிறது. அது விழும் இடங்களைக் காட்டுவது அக்காவின் பொறுப்பு.

"எனக்கு இந்த எழவெல்லாம் புரியாது தம்பி. டிங்குன்னு கேட்டா வெரலத் தூக்குவேன். ஒரு வருசமா இதே வேல, இதே கெர்ஜா" என்றார்.

அடுத்த ஓட்டத்தில் ஒலி பூஜ்யம். சூசைநாதன் தட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார், எட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். நான் ஊசிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தேன். ஒலி அணைந்திருந்தாலும் ஊசி தானாகவே கொசு ரீங்காரம்போல இசையை முணுமுணுக்கும். அதற்குக் காது ஒட்டியிருக்க வேண்டும். அடுக்களை வாசலில், கடகடக்கும் காற்றாடிக்கு அந்தப் பக்கம், ஒன்றுமே கேட்காது.

ஆறு நிமிடம் வரை இம்மியும் பிசகவில்லை. பியானோ ஓய்ந்த இடத்தில் அவர் இடது கை தானாக மடிக்குப் போனது. ஊசியிலும் பியானோ இல்லை, சாக்ஸபோன்தான். ஏழாவது நிமிடத்தில் முழங்கால்மேல் விரல் தயங்கியது. ஒன்று தட்டி, அடுத்ததைத் தட்டாமல் நின்றது. உதடு எதையோ தேடியது. கையெட்டும் தூரத்தில் ஒலித் திருகு இருந்தும் அவர் தொடவில்லை. நெற்றி வேர்க்க, திசை தெரியாமல் நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

பெர்னடெட் அக்கா குனிந்த தலை நிமிராமல் வால் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளிய வாலை நாளிதழில் போடுவதற்குள் அந்தக் கை பாதியில் நின்றது. விரல் ஒன்று மேலே எழுந்தது. என் காதடியில், ஊசியில், 'ட்ஸ்' என்று சிம்பல் விழுந்தது. சூசைநாதனின் கை முழங்காலில் இறங்கி, அடுத்த தாளத்தைத் தட்டியது.