சோலிக்குப் போன இம்மாகுலேற்

ஒவ்வொரு நாளும் பின்னேரம், சோறு கொதிக்கத் தொடங்கும் நேரத்தில், இம்மாகுலேற் அக்காவின் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியிலிருந்து அவருடைய அண்ணன் யாக்கோப்பு. அவர் சுகம் விசாரிப்பதில்லை.

"சோலி ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்பார்.

"ஒரு சோலியும் இல்லை அண்ணை."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் ஈழத்துப் பேச்சில் சோலி என்றால் தொல்லை, வில்லங்கம். அது இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு இரண்டு வீடுகளும் இரவுச் சாப்பாட்டுக்குப் போகும்.

1996 இலையுதிர் காலத்தில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்த அந்த வீட்டின் மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்தேன். நைரோபியிலிருந்து கேப்டவுன் வரை பஸ்ஸிலும் லொறியிலும் ஒன்றரை வருடம் சுற்றிவிட்டு வந்திருந்தேன். பையைக்கூட முழுதாக அவிழ்க்கவில்லை. அடுத்தது எங்கே என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வேலை, கோயில், வீடு என்ற மூன்று இடங்களுக்கு மேல் லண்டனில் எதையும் பார்க்காத ஒருவர் கீழே சமைத்துக்கொண்டிருப்பது ஆச்சரியமாக இருந்தது.

அக்கா மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி. 1985இல் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அண்ணனின் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். அவர்கள் பார்க்கிங்குக்கு வீடு மாறியபோது இந்த வீட்டில் தங்கிவிட்டார். கலியாணம் செய்யவில்லை. ஏனென்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார், பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்வதுபோல. ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. விரிப்புகளை உலர்த்தியிலிருந்து இழுத்து மடிப்பது.

வந்த புதிதில், அகதி வழக்கைப் பார்த்த சொலிசிற்றர், அதாவது வக்கீல், அவருக்கு ஒரு புத்தி சொல்லியிருந்தார். வழக்கு முடியும்வரை பொலிசின் கண்ணில் படக்கூடாது, கூட்டம் ஊர்வலம் என்று போகக்கூடாது, ஒரு சோலி சுரட்டிலும் மாட்டக்கூடாது.

"சோலியைப் பார்க்கிறதாலைதான் பிள்ளை அவங்களுக்குச் சொலிசிற்றர் எண்டு பேர்" என்று ஒருமுறை அக்கா எனக்கு விளக்கினார். சிரிக்காமல்தான் சொன்னார்.

வழக்கு முடிந்தது. நிரந்தர வதிவிடம் கிடைத்தது. பிரிட்டிஷ் பாஸ்போட்டும் வந்து, அலுமாரியில் மாதா படத்துக்குக் கீழே முத்திரை எதுவும் குத்தப்படாமல் கிடந்தது. புத்தி மட்டும் அப்படியே இருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நான் சமையலறையில் ரீ போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. "நொம்சா!" என்று கத்தினார். பிறகு அவருடைய சலவைப் பகுதி ஆங்கிலத்தில் கொஞ்சம் கதைத்தார். முடிவில் கெஞ்சுவதுபோலச் சொன்னார்:

"நோ சோலி, நொம்சா. ப்ளீஸ். மீ நோ சோலி."

ரிசீவரை வைத்தபின் யார் என்று கேட்டேன்.

"என்னோடை வேலை செய்தவள். ஜோகன்னஸ்பேர்க்காரி. அங்கை இருக்க ஏலாமல் எங்களைப்போலை ஓடிவந்தவள். தங்கமான பிள்ளை. விரிப்பு மடிக்கேக்கை பாடிக்கொண்டே இருப்பாள். இப்ப திரும்பிப் போய் நாலு வருஷம். ஆனா ஒரு கெட்ட பழக்கம், எப்பவும் என்னைச் சோலிக்குக் கூப்பிடுவாள்."

"சோலிக்கோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை எண்டால் கன்ரீனிலை துண்டுப்பிரசுரம் குடுப்பாள். ஊர்வலம், மறியல், அப்படி. பிறகு என்னட்டை வந்து, 'இமா, வா, இண்டைக்குச் சோலி' எண்டுவாள். நான் சொல்லுவன், எனக்குச் சோலி வேண்டாம் தாயே எண்டு. ஒவ்வொரு வெள்ளியும் இதே கதை."

"அவவுக்கு இந்தத் தமிழ்ச் சொல் எப்படித் தெரியும்?"

"டேர்பனிலை எக்கச்சக்கம் தமிழராம். அவைதான் படிப்பிச்சிருப்பினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. ஜோகன்னஸ்பேர்க்கின் யோவில் தெருக்களிலும் கேப்டவுன் லோங் ஸ்ட்ரீட்டிலும் வெள்ளி இரவுகளில் என்னை எத்தனை பேர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அக்கா, அது சோலி இல்லை. ஜோல். 'ஜோலிங்' எண்டும் சொல்லுவினம். அங்கத்தைப் பேச்சு. வெளியிலை போய்ப் பாட்டுக் கேக்கிறது, ஆடுறது, சிநேகிதரோடை சந்தோஷமா இருக்கிறது."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பொலிஸ் வராதோ?"

"வந்தால் அவங்களும் ஆடுவாங்கள்."

அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அவள் வெள்ளிக்கிழமையளிலை... பாடுறதுக்கோ கூப்பிட்டவள்?"

வட லண்டனில் ஏதோ ஒரு மண்டபத்தில் நொம்சா வெள்ளிதோறும் தன் நாட்டுக்காரரோடு பாடியிருக்கிறாள். இவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் உலர்த்தி இயந்திரங்களின் இரைச்சலுக்குள்தான்.

"ஒரு பாட்டு இருக்கு பிள்ளை" என்றார். "தொடங்கேக்கை நல்லாக் கேக்கும். போகப்போகக் குரலைப் பதிச்சுக்கொண்டு போவாள். அதுக்குள்ளை மெஷின் வேகமாச் சுத்தத் தொடங்கியிடும். அந்தப் பாட்டின்ரை கடைசி எனக்கு ஒருநாளும் கேக்கேல்லை."

இப்போது எதற்குக் கூப்பிட்டாள் என்று கேட்டேன். லண்டனில் சேர்ந்து பாடிய பழைய ஆட்கள் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை ஜோகன்னஸ்பேர்க்கில் ஒரு கிளப்பில் கூடுகிறார்களாம். சாக்ஸபோன்காரருக்கு நெஞ்சு வருத்தம், இனி ஊதக்கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இதுதான் கடைசி.

அன்றிரவு அக்கா மூலைக்கடையில் ஒரு தொலைபேசி அட்டை வாங்கிவந்தார். எண்களை நான் அழுத்திக் கொடுத்தேன். "நொம்சா, ஐ கம். ஐ கம் ஃபோர் த சோலி" என்றார். அந்தப் பக்கம் எழுந்த கூச்சல் அடுப்படிவரை கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்து யாக்கோப்பு அண்ணையும் மனைவி பியற்றிஸும் சாப்பிட வந்தார்கள். அக்கா மீன்குழம்பைப் பரிமாறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அண்ணை பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

"உனக்கென்ன விசரே? அங்கை பொழுதுபட்டால் நாய்கூட வெளியிலை வராதாம். ஒரு கைப்பைக்குக் குத்திப்போட்டுப் போவாங்கள்."

"நல்ல கைப்பையைக் கொண்டுபோகேல்லை" என்றார் அக்கா.

"நாப்பத்தெட்டு வயசிலை கிளப்புக்கோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். இவ்வளவு நாளும் கதைக்க அதுகளுக்கு என்னட்டை ஒண்டும் கிடைக்கேல்லை, பாவங்கள்."

பியற்றிஸ் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். அண்ணை என்னைப் பார்த்து முறைத்தார். ஊர்சுற்றி ஒருத்தி வீட்டுக்குள் வந்ததால் வந்த வினை என்று அந்தப் பார்வை சொன்னது. நான் அப்பளத்தைக் கவனமாக உடைத்தேன்.

"நான் உன்னைப் போகவிடமாட்டன்" என்றார் அவர்.

அக்கா குழம்புச் சட்டியை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, ஊரிலை ஊரடங்குச் சட்டம் போட்டாங்கள். ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினம். சரி. இஞ்சை ஆர் போட்டது? பதினொரு வருஷமா நான் ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டிருக்கிறன். ஆர் போட்டது எண்டு சொல்லுங்கோ, நான் போகேல்லை."

அண்ணை மீனில் முள் எடுத்தார். எடுத்து முடித்தும் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கோபத்தில் இல்லை, பயந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவர் அவர். இன்னும் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

வெளிக்கிடும்போது பியற்றிஸ் அக்காவின் காதோடு, "மச்சாள், கலியாணவீட்டுக்கு வாங்கின என்ரை கறுப்புச் சப்பாத்தைக் கொண்டுபோங்கோ. அது ஒருநாளும் ஆடேல்லை" என்றார்.

ஏப்ரலில் ஹீத்ரோவுக்கு அக்காவோடு பாதாள ரயிலில் போனேன். வழிநெடுகப் பாடம் நடத்தினேன். அங்கே போக்குவரத்து விளக்கை 'ரோபோ' என்பார்கள், பயப்பட வேண்டாம். 'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்று யாரும் சொன்னால் உடனே வருவதாக அர்த்தமில்லை, கதிரை பார்த்து இருக்கவேண்டியதுதான். அக்கா ஞானஉபதேசம் கேட்கும் பிள்ளைபோலத் தலையாட்டினார். கடைசியில், "நீயும் வாவன்" என்றார். வந்திருப்பேன். ஆனால் அது அவருடைய அழைப்பு.

இரண்டு வாரம் யாக்கோப்பு அண்ணை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தார், நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று தெரிந்தும். "செய்தி ஏதும்?" "இல்லை அண்ணை." "சரி."

அக்கா கறுத்து, குரல் கட்டி, சூட்கேஸ் நிறைய மணிமாலைகளோடு திரும்பிவந்தார். சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லத் தொடங்கினார்.

கிளப் நகரின் பழைய சந்தைக் கட்டடத்துக்குப் பக்கத்தில். காரை விட்டு இறங்கும்போது அக்கா கதவைப் பிடித்தபடியே நின்றார். தெருவில் கார்களுக்குக் காவல் நிற்கும் ஆள், "அம்மா, நான் இருக்கிறன், போய்ச் சந்தோஷமா இருங்கோ" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னானாம். உள்ளே சின்ன மேசைகள், புகை, பொரித்த கோழி மணம். கிழவர்கள் தொப்பியோடு வந்திருந்தார்கள், கோயிலுக்கு உடுப்பதுபோல உடுத்து. அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

"பாட்டுத் தொடங்கேக்கை ஒரு பெரியவர் வந்து கையை நீட்டினார் பிள்ளை. கதிரையைக் கேக்கிறார் எண்டு நினைச்சு எழும்பிக் கதிரையைத் தள்ளிக் குடுத்தன். அவர் கதிரையை விட்டுட்டு என்ரை கையைப் பிடிச்சார்!"

"ஆடினீங்களோ?"

"கைப்பையோடை ஆடினன். கீழை வைக்கேல்லை. அண்ணை சொன்னது நினைவிலை இருந்தது."

நொம்சா மேடையிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்தி, லண்டனில் தான் வெள்ளிதோறும் கூப்பிட, வெள்ளிதோறும் 'நோ சோலி' என்று சொன்ன சிநேகிதி இவள்தான் என்று எல்லோருக்கும் சொன்னாள். சபை முழுவதும் மேசையைத் தட்டி, "சோலி! சோலி!" என்று கத்தியது. பிறகு அந்தப் பாட்டு வந்தது. குரல் பதிந்து பதிந்து போனது. சாக்ஸபோன்காரரும் மெதுவாக ஊதினார்.

"மெஷின் சத்தம் இப்ப வரும், இப்ப வரும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்" என்றார் அக்கா. "வரேல்லை."

கடைசிவரை கேட்டார். என்ன அர்த்தம் என்று பிறகு நொம்சாவிடம் கேட்டாராம். கடைசி பஸ் போய்விட்டது, பரவாயில்லை, நிலவு இருக்கிறது, நடப்போம் என்று அர்த்தமாம்.

நொம்சா அவரை டேர்பனுக்கும் கூட்டிப்போயிருக்கிறாள். கடற்கரையில் மாலை முழுவதும் சனமும் பாட்டும். பாண் ரொட்டியைக் குடைந்து அதற்குள்ளே இறைச்சிக்கறி ஊற்றி விற்றார்கள். பிள்ளை, கோவெண்டர் என்று குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சிய, தமிழ் மறந்த தமிழர்கள் சுற்றி நின்று, "தமிழ் பேசு, தமிழ் பேசு" என்று கேட்டு, இவர் பேசப்பேசக் கைதட்டினார்களாம். "நான் கடலைக்காரனிட்டை விலைதான் கேட்டனான். அதுக்கும் கைதட்டுதுகள்."

கதை இன்னும் முடியவில்லை. தொலைபேசி அடித்தது. அடுப்பில் சோறு இல்லை, ஆனால் நேரம் அதுதான்.

"வந்திட்டியே?" அண்ணையின் குரல் எனக்கே கேட்டது. பிறகு, கொஞ்சம் தயங்கி, பழைய கேள்வி: "சோலி ஒண்டும் இல்லைத்தானே?"

அக்கா காலை நீட்டி அந்தக் கறுப்புச் சப்பாத்தைப் பார்த்தார். முன்பக்கம் தேய்ந்திருந்தது.

"இருக்கு அண்ணை. வாற வெள்ளிக்கிழமை. இஞ்சை லண்டனிலை, டால்ஸ்ரனிலை ஒரு இடத்திலை அவங்கடை ஆக்கள் வாசிக்கினமாம், நொம்சா விலாசம் தந்தவள். பியற்றிஸையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவின்ரை சப்பாத்தை அவவே போடட்டும்."

மறுபக்கம் அண்ணை பேனை தேடும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணை கேட்டார்:

"எத்தினை மணிக்கு?"