போனில் தெரியாத கால்கள்

என் வீட்டுக்காரர் காவல்துறையில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்றில் வந்த புற்றுநோய்க்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அங்கே வலி தணிப்புப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, "நீங்க அலைய வேண்டாம், வாரம் ஒரு தடவை வீடியோவில பாக்கறேன்" என்றார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. அங்கிருந்து காரில் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் அந்தப் போனை நான் கும்பிடாத குறைதான்.

அவரோ அதை மேலதிகாரி பார்வையிட வருவதாகவே எடுத்துக்கொண்டார். புதன்கிழமை பதினோரு மணி அழைப்புக்கு ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுவார்.

"ஏட்டி, சவரம் பண்ணணும். வெந்நி கொண்டா."

"படுத்துக்கிட்டே பேசுங்க. அந்தம்மா என்ன, மாப்பிள்ளை பாக்கவா வருதாவ?"

"ஆபீசர் பாக்கும்போது படுத்துக் கிடக்கச் சொல்லுதியா?"

சவரம், திருநீறு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இடுப்பில் மட்டும் சாரம், பழைய லுங்கி. வயிற்றில் பேன்ட் இறுக்கினால் தாங்காது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். சாரம் தெரிந்தால் மரியாதை இல்லை என்பதால், நெஞ்சுக்கு மேலே மட்டும் விழுகிற மாதிரி நான் போனைப் பிடிப்பேன்.

"பத்துக்கு எத்தனை வலி சார்?"

"ரெண்டு மேடம்."

போனுக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அவர் கால்கள் தெரியும். பத்து விரல்களும் மடங்கித் தரையைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அடுத்தவர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அந்த வளர்ப்பைக் கொண்டுபோய் அடுப்பில்தான் போட வேண்டும். அவர் ராத்திரியெல்லாம் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்கு நோய் பாதி காரணம், நான் பாதி காரணம்.

நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலையில், கொல்லைப்புறம் போய் நின்று நானே டாக்டரைக் கூப்பிட்டேன். "டாக்டரம்மா, அவிய சொல்லுதது அம்புட்டும் பொய். ராத்திரி பகல் தூக்கம் கிடையாது."

"அப்ப மார்ஃபின் வேணும்மா. ஆனா அந்த மருந்தை வீடியோவில பாத்து எழுதக் கூடாதுன்னு அரசாங்க விதி இருக்கு. நேர்ல பாத்துத்தான் கொடுக்கணும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டாம்பாவ, சரியாத்தான் இருக்கு. அந்த விதிய எழுதுனவன் வயித்துல ஒரு நாள் இந்த வலி வரணும்."

"திட்டுங்கம்மா," என்றார் டாக்டர். "நாளைக்கு நான் வர்றேன்."

மறுநாள் நல்ல சாரல். சீசன் கூட்டம், சனிக்கிழமை வேறு. அருவிக்குப் போகிற வேன்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. டாக்டர் காரை எங்கேயோ விட்டுவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். அவர் வருவதை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை. மூன்று நாள் தாடியும் பனியனுமாகச் சுருண்டு கிடந்தவர், வாசலில் டாக்டரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஏட்டி, சட்ட... சட்டைய எடு."

சட்டை என் கைக்கெட்டும் கொடியில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கேட்டதை நான் கொடுக்காதது அன்றைக்குத்தான்.

டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வயிற்றில் மெல்லக் கை வைத்தார். பிறகு திரும்பிக் கால்களைப் பார்த்தார். மடங்கிக் கிடந்த விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, "எத்தனை சார்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஒம்பது," என்றார். "ஒம்பதுக்கு மேல இருக்கும் மேடம்." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். நான் அவர் தலைமாட்டில் நின்று முகத்தைத் துடைத்துவிட்டேன்.

டாக்டர் மாத்திரையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டைக்காக எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

விதியைத் திட்டியதை நான் இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு வீடு தேடி வர ஒரு டாக்டர் இருந்தார். புளியறைப் பக்கம் மலையடியில் இதே வலியோடு கிடக்கிற ஒருவருக்கு யார் வருவார்கள்? ஆனால், அந்தக் காலைப் பிடித்துப் பார்க்க ஓர் ஆள் நேரில் வரத்தான் வேண்டியிருந்தது. இரண்டும் உண்மைதான், என்ன செய்வது.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் சவரம், மறுபடியும் வெள்ளைச் சட்டை. ஆசையாகத்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

"எத்தனை சார்?"

"ரெண்டு மேடம்."

டாக்டர் சிரித்தார். "அம்மா, போனைக் கொஞ்சம் கீழே காட்டுங்க."

சாரம் தெரிந்துவிடுமே என்று அவர் என்னை முறைத்தார். நான் இறக்கிக் காட்டினேன். பத்து விரல்களும் தளர்ந்து, தரையில் பரவிக் கிடந்தன. அந்த வாரம் அவர் பொய் சொல்லவில்லை.