சத்தம் தானாகப் போன வீடுகள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் ஓடியும் சத்தம் வராவிட்டால், அதைக் கடைசியாகத் தொட்டவன் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். கண்டியைச் சுற்றியுள்ள வீடுகளில் அது பெரும்பாலும் பழுதுபார்க்கப் போகும் நான்தான். கலஹாவில் ஒரு கல்யாணப் பேச்சு என்னால்தான் நின்றது என்று ஒரு குடும்பம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சத்தம் தானாகவே போனது என்று அந்த வீட்டுக்காரர் சொன்ன கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. என் கைத்தவறை மறைக்கத்தான் அவரை நம்பாமல் இருக்கிறேனோ என்ற சந்தேகமும் கூடவே உண்டு. உங்களையும் யாராவது உறவுக்காரர் "உனக்குத் தெரியுமே" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தால், என் நிலைமை விளங்கும்.

பொட்டு வைத்த மெஷின்

வத்தேகமவில் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் வீடு. ஸ்பீக்கர் பாடவில்லை, யாரும் எதையும் தொடவில்லை என்றார் அவருடைய மனைவி. நானும் நம்பி, மெஷினின் முன்னால் உட்கார்ந்து எதையெதையோ அழித்து, மறுபடி போட்டு, நிறுத்தி, இயக்கி, ஒரு காலையைத் தொலைத்தேன். கடைசியில் பெட்டியைத் திருப்பினால், பின்பக்கத்துத் துளை ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்பீக்கர் வயர் போகவேண்டிய பச்சைத் துளைக்குள் சந்தனம் சீமெந்து போலக் காய்ந்திருந்தது. வயர் அரைகுறையாக அதில் தொங்கியது.

ஊக்கு ஒன்று வாங்கிச் சுரண்டிக்கொண்டே, யாரும் தொடவில்லை என்றீர்களே என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு என்மேல்தான் வருத்தம். "பூசைக்குப் பொட்டு வச்சதெல்லாம் தொட்டதுல சேருமாண்ணே?"

பேர் இருக்கிறது, படம் இல்லை

கம்பளையில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஒருவர், தங்கையின் கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். வீட்டில் ஓடுகிறதாம், வேறெங்கும் ஓடவில்லையாம். திறந்து பார்த்தேன். வீடியோவுக்குப் போகும் குறுக்குவழியை, அந்த 'ஷார்ட்கட்' படத்தை மட்டும் அதில் ஏற்றியிருந்தார். வீடியோ வீட்டு மெஷினிலேயே இருந்தது. கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தால் உள்ளே இருக்கும் சேலையும் கூடவே வருமா என்று கேட்டேன். அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குறை என் விளக்கத்தில்தானோ என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படத்துட பேரு இந்தா ஈக்குதே அண்ணன். உங்கட மெஷினுக்குத்தான் வாசிக்கத் தெரியல்ல போல."

இடம் மாறிய வயர்

இனிக் கலஹா. பெருமாள் ஐயா தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிளாக்கர். ஒரே மகள், ஆசிரியை. கொரோனாக் காலத்தில் பெண் பார்ப்பதும் கம்ப்யூட்டரில் என்றாகிவிட்டது. அவருடைய மனைவியின் அண்ணன் லண்டன் மாப்பிள்ளை ஒருவரைக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பேச்சுக்காகவே நான் போய்ப் புது ஸ்பீக்கர் பூட்டிக் கொடுத்தேன்.

அந்த நாள் வந்தது. குடும்பமே உடுத்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா பேசத் தொடங்கினார். நடுவில் சத்தம் போய்விட்டது. அங்கே அவர் வாயை அசைக்க, இங்கே இவர்கள் சிரித்துச் சிரித்துத் தலையாட்ட, முதல் பேச்சிலேயே தடங்கல் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கடியில் புகுந்து பார்த்தேன். ஸ்பீக்கர் வயர் பச்சைத் துளையில் இல்லை; பக்கத்தில், மைக்குக்கான ரோஸ் நிறத் துளையில் இறுக்கமாகச் செருகியிருந்தது. கழன்ற வயர் கீழே தொங்கும். அடுத்த துளையில் ஏறி உட்காராது. அதைச் சொன்னேன். "தானாத்தான் போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெருமாள் ஐயா முற்றத்துக்குப் போனார். நான் வயரைப் பூட்டிய அன்று பாட்டுப் போட்டுக் கேட்டது நினைவிருக்கிறது. நிஜமாகக் கேட்டேனா, கேட்டதாக நினைத்தால் மனதுக்கு ஆறுதல் என்பதால் நினைக்கிறேனா? அவருடைய மனைவிக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. "ஒங்க வயராலதான் எம் மக கல்யாணம் நின்னுச்சு." அதன்பிறகு கலஹாவில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தேநீரோடு வந்தது

போன மாதம் பெருமாள் ஐயாவே கூப்பிட்டார். இந்த முறை படம் வரவில்லை, சத்தம் வந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இப்போது கண்டி டவுனில் படிப்பிக்கிறாளாம். வேலை முடிந்ததும் அந்த அம்மா தேநீர் கொடுத்தார், பழைய குற்றச்சாட்டையும் விடாமல் சேர்த்துக் கொடுத்தார். "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய விட்ரணும்னு மாப்பிள்ள அப்பா சொன்னாரு. எங்க அண்ணனும் சரின்னுட்டாரு. ஒங்க வயரு லூசுன்னு இவரு அப்பவே மேசைக்கடியில போயி அழுத்திப் பாத்தாரு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் கேக்கல. அம்புட்டு மோசமா பூட்டியிருக்கீங்க."

கதிரையில் உட்கார்ந்திருந்த பெருமாள் ஐயா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்தினார். பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது, வழக்கமில்லாமல் ரோடு வரைக்கும் கூடவே வந்தார். பழுது எங்கே என்று தேடுவதையே தொழிலாக வைத்திருந்தவனுக்கு, அது எப்போது நடந்தது என்று கேட்கத் தோன்ற இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. "ஐயா, சத்தம் போனதால குனிஞ்சீங்களா, நீங்க குனிஞ்சதால சத்தம் போச்சா?"