இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

பதினெட்டு வருடம் நான் படகு எஞ்சின் திருத்தினேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை. யுத்தம் திரும்பவும் மூண்டபோது கடற்படை முதலில் பெரிய எஞ்சின்களைத் தடைசெய்தது. பிறகு இன்ன நேரத்துக்குத்தான் கடலுக்குப் போகலாம் என்றார்கள். கடைசியில் போகவே கூடாது என்றார்கள். மூதூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து போன அந்த மாதங்களில் கரையெல்லாம் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. பழக்கதோசத்தில் நான் ஒவ்வொரு நாளும் பட்டறையைத் திறந்து, கதிரையில் இருந்துவிட்டு, மத்தியானம் பூட்டிக்கொண்டு அன்புவழிபுரத்திலிருந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

வெளிநாட்டிலிருந்த என் மனைவியின் தமையன் ஒருநாள் தொலைபேசி எடுத்தார்.

"இஞ்ச வயசுபோன ஆக்களைப் பராமரிக்க ஆக்கள் காணாது. ஆம்பிளையள் எண்டா இன்னும் நல்லம், தூக்கிப் பிடிக்கப் பெலம் வேணும்தானே. கோர்ஸ் ஒண்டு இருக்கு. இன்ரநெற்றிலேயே படிக்கலாம், உங்களுக்கு வசதியான நேரத்தில. முடிச்சீங்கள் எண்டா இஞ்ச கூப்பிடப் பாக்கலாம்."

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு கேட்டாள்: "மற்ற ஆக்களின்ர மலசலம் அள்ளுறதோ? நீங்களோ?"

"வேற என்ன செய்யிறது?" என்றேன்.

இப்படித்தான் நான் மாணவனானேன். நகரத்தில் ஒரு நெற் கபே இருந்தது. முன்பு தட்டெழுத்து வகுப்பு நடத்திய ஒரு பெண்தான் அதை வைத்திருந்தார். பாடங்களை இறக்கி, அச்செடுத்துத் தருவார். நான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அகராதியோடு படிப்பேன். என்னுடைய ஆங்கிலம் எஞ்சின் கைநூல்களில் படித்த ஆங்கிலம். போல்ட்டும் வால்வும் தெரியும். 'டிக்னிட்டி' என்ற சொல் தெரியாது. அகராதியில் 'மாண்பு' என்று இருந்தது. பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் வந்தது.

வசதியான நேரம் என்று பாடத்தின் முதல் பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் நேரம் யாருக்குச் சொந்தமாக இருந்தது? எங்கேயாவது ஒரு வெடி வெடித்தால் தொலைபேசி லைன் போய்விடும். லைன் வரும்போது கரண்ட் இருக்காது. இரண்டும் இருக்கிற நாளில் வீதியில் ஆமியின் சுற்றிவளைப்பு. நான் எழுதி அனுப்பவேண்டிய ஒப்படைகள் பிந்திப் போகும். எங்கோ ஒரு நாட்டில் இருந்த ஆசிரியை, நேரத்தைத் திட்டமிடப் பழகவேண்டும் என்று அன்பாக எழுதுவா. நான் மன்னிப்புக் கேட்டு எழுதுவேன். காரணத்தை ஒருநாளும் எழுதியதில்லை. எங்கிருந்து தொடங்கி எழுதுவது என்று தெரியவில்லை.

செய்முறைப் பயிற்சிக்கு உண்மையான நோயாளி ஒருவர் வேண்டும் என்றார்கள். நெற் கபே பெண்தான் சொன்னார்: "உப்புவெளியில ஒரு சம்மாட்டி பாரிசவாதம் வந்து விழுந்து கிடக்கிறார். மனுசி தனியக் கிடந்து மாயிறா. போய்க் கேட்டுப் பாருங்கோ அண்ணை."

அந்தச் சம்மாட்டியை எனக்குத் தெரியும். மூன்று படகுகளின் முதலாளி. என் தலைக்கு மேலே நின்று சத்தம் போட்டு வேலை வாங்குகிறவர். ஒருமுறை எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று, கழற்றி வைத்த பிளக்கை எடுத்து என்மேல் எறிந்தவர். அவருக்கு இப்போது வலது பக்கம் முழுவதும் இயக்கமில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: "சரி." பசித்தாலும் சரி, நொந்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. வாழ்நாளில் எவருக்கும் சரி சொல்லாத மனிதர்.

அவருடைய மனைவிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மூட்டு வாதம். பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பக்கத்து வீட்டுச் சனம் சாமான்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டது. நான் விசயத்தைச் சொன்னதும் அவர் கதவை அகலத் திறந்தார்.

"உங்களுக்குப் படிப்பு, எங்களுக்கு ஒரு கை உதவி. வாங்கோ தம்பி."

முதல்நாள் குளிப்பாட்டியபோது சம்மாட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பாடத்தில் சொன்னபடியே செய்தேன். கழுவுகிற இடத்தைத் தவிர மற்ற உடம்பைத் துவாயால் மூடினேன். ஒவ்வொன்றையும் செய்யமுதல் சொன்னேன்.

"சம்மாட்டி, இப்ப இடது கையைக் கழுவப் போறன்."

"சரி."

"இனி முதுகு. கொஞ்சம் திருப்பிறன்."

"சரி."

என் கையில் எஞ்சின் எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. அந்த மணம் அவருக்கும் எட்டியிருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். கண்ணீர் வந்தது. நான் துடைக்கவில்லை. துடைப்பதா விடுவதா என்று பாடத்தில் இருக்கவில்லை.

நாளாக நாளாக வேலை கைக்கு வந்தது. காலை எட்டு மணிக்குச் சைக்கிளில் போவேன். நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். நான் இல்லாத நேரத்துக்காக, அக்கா என்று நான் கூப்பிட்ட சம்மாட்டியின் மனைவிக்கும் அதைக் காட்டிக்கொடுத்தேன். காலை மடித்து, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து உருட்டுவது. அவரால் முழுதாக ஏலாது. தலையணையை மாற்றி வைக்கிற அளவுக்குத்தான் முடிந்தது. சம்மாட்டியின் குதிக்காலில் ஒரு சிவப்பு வட்டம் தெரியத் தொடங்கியிருந்தது. அதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்துவந்தேன்.

ஓர் ஒப்படையில், நோயாளி இருக்கும் வீட்டிலுள்ள ஆபத்துகளைப் பட்டியலிடச் சொன்னார்கள். குளியலறைப் படி, ஈரமான சீமெந்துத் தரை, வழுக்குகிற பாய் என்று எழுதினேன். துறைமுகப் பக்கமிருந்து செல் குண்டு போகும்போது யன்னல் கண்ணாடி அதிர்வதை எழுதவில்லை. ஆசிரியை எல்லாவற்றையும் கவனித்திருக்கிறீர்கள் என்று பாராட்டியிருந்தா.

கடைசி ஒப்படை படுக்கைப் புண்ணைப் பற்றியது. நாலு நாள் லைன் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் அனுப்பவேண்டிய கடைசி நாள். உப்புவெளிக்குப் போகாமல் முதலில் நெற் கபேக்குப் போனேன். அரை மணித்தியாலத்தில் முடியும் என்று நினைத்தேன். பக்கம் திறக்கவே ஒரு மணித்தியாலம் போனது.

கடைக்காரப் பெண் சொன்னார்: "அண்ணை, நீங்கள் போங்கோ. லைன் ஒழுங்கா வந்ததும் நான் அனுப்பிவிடுறன்."

"இல்லை, நானே அனுப்பிப்போட்டுப் போறன்," என்றேன்.

அவரை நம்பாமல் இல்லை. என் கையால் அந்தப் பட்டனை அமத்தவேண்டும் என்ற ஆசை. நாற்பத்தொரு வயதில் படித்து முடிக்கிற ஒருவனுடைய ஆசை. வேறு காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

பத்தேகாலுக்கு ஒப்படை போய்ச் சேர்ந்தது. வெளியே வந்து சைக்கிளைத் திறக்கும்போது துறைமுகப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கடைகளெல்லாம் படபடவென்று பூட்டின. உப்புவெளிக்குப் போகிற வீதியில் ஆமி மறித்தது. நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, படிப்பு நடத்துகிறவர்கள் அனுப்பிய பயிற்சிக் கடிதத்தைக் காட்டினேன். கடிதம் ஆங்கிலத்தில். அந்தச் சிப்பாய்க்கு என்னைவிடப் பயமாக இருந்தது. கடிதத்தைப் பார்க்காமலே, "வீட்ட போ, வீட்ட போ," என்று துவக்கால் வழியைக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள்.

இரண்டு நாள் அதை நீக்கவில்லை. தொலைபேசியும் இல்லை. நான் வீட்டில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு, இரண்டு, நாலு. ஒவ்வொரு முறையும் என் கை, ஆளைப் பக்கம் திருப்புவதுபோலத் தானாக அசைந்தது. மனைவி அதைக் கண்டாள்.

"அங்க அவ இருக்கிறாதானே. ஆரும் உதவிக்குப் போயிருப்பினம்," என்றாள்.

"அந்த ஒழுங்கையில ஆர் இருக்கினம் போறதுக்கு?"

மூன்றாம் நாள் காலை சில மணித்தியாலம் தளர்த்தினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சம்மாட்டி தரையில் கிடந்தார். தலைக்கு ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை. பக்கத்தில், வெறும் சீமெந்தில், அக்கா அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தார்.

"முந்தநாள் பின்னேரம் தனியத் திருப்பப் பாத்தனான் தம்பி. நீங்கள் காட்டித் தந்த மாதிரித்தான் காலை மடிச்சனான். உருண்டு கீழ விழுந்திட்டார். தூக்க என்னால ஏலாமப் போச்சு. கத்திக் கூப்பிட்டனான், ஒருத்தரும் இல்லை. அவரும் சரி சரி எண்டு கத்திக்கொண்டே கிடந்தவர். நேற்றையோட அதுவும் நிண்டிட்டுது."

"அக்கா..."

"நீங்கள் எப்பிடியும் வருவீங்கள் எண்டுதான் கதவைப் பூட்டேல்லை."

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அந்தக் காலையில் நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. ஊரடங்கால் வரமுடியவில்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நான் திருத்தவில்லை. எட்டு மணிக்கு வழமைபோலப் போயிருந்தால், சத்தம் கேட்ட நேரம் நான் அந்த வீட்டுக்குள் இருந்திருப்பேன். அந்த இரண்டு நாளும் அங்கேயே அடைபட்டிருப்பேன்.

அவரைத் தூக்கினேன். இடுப்பில் ஈரத்தில் கிடந்த இடம் கறுத்து, தோல் என் கையோடு வந்தது. முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே காயப்பட்ட சனத்தால் கட்டில் இல்லை. நடைபாதையில் பாய் போட்டுக் கிடத்தினோம். அவர் கால்மாட்டில் இருந்துகொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பக்கம் மாற்றினேன். ஒருநேரம்கூடத் தவறவிடவில்லை. ஆறாம் நாள் செத்துப்போனார். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர்.

செத்தவீட்டுக்கு ஆட்கள் வரப் பயந்தார்கள். தூக்க நாலு ஆண்கள் வேண்டுமே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. படுக்கைப் புண் பாடத்துக்குத்தான் எனக்கு ஆகக்கூடிய புள்ளி. நேரந்தவறாமல் நோயாளியைப் பக்கம் மாற்றுவதன் அவசியத்தை மிகத் தெளிவாக விளங்கியிருக்கிறீர்கள் என்று ஆசிரியை எழுதியிருந்தா. கடைக்காரப் பெண் அதை வாசித்துவிட்டு அச்செடுத்துத் தந்தார். கூடவே ஒரு படிவமும் வந்திருந்தது. நோயாளியின் குடும்பத்தவர் ஒருவர் கையொப்பமிட்டால்தான் சான்றிதழ் தருவார்களாம்.

அதை மேசை லாச்சிக்குள் வைத்தேன். பத்து நாள் வைத்திருந்தேன். வீட்டில் அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் மனைவி அந்த லாச்சியைப் பார்ப்பாள். பதினோராம் நாள் உப்புவெளிக்குப் போனேன்.

அக்கா குசினிக்குள் இருந்து வந்தார். மெலிந்து போயிருந்தார். படிவத்தை நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பராமரிப்பவர் நேரத்துக்கு வந்தாரா? மரியாதையாக நடந்தாரா? இவரை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா?

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு போடுங்கோ," என்றார். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். மூட்டு வாதத்தால் எழுத்துக் கோணியது. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தம்பி."

குடித்தேன்.

சான்றிதழ் வந்தது. விசா கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் உப்புவெளிப் பக்கம் போகவில்லை. அக்காவைப் பெண்பிள்ளைகள் கூப்பிட்டுவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மையோ தெரியாது. அடுத்த வருடம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆண்கள் பக்கத்துக்கு ஆள் தேடினார்கள். பொறுப்பாக இருந்த அம்மா என் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"படிப்பெல்லாம் சரி. இதுக்கு முதல் ஆரையும் பாத்திருக்கிறீங்களோ?"

"இல்லை," என்றேன்.

"பரவாயில்லை, செய்யச் செய்யப் பழகிவிடும்," என்று சொல்லி, துணி வைக்கிற அலுமாரியின் திறப்பை என்னிடம் தந்தா. அன்றைக்கே வேலைக்குச் சேர்ந்தேன்.